கோரிப்பாளையத்து அத்தா

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன். இன்றைக்கு எட்டு லாரி ஓடுகிறது. சரக்கு பேசவும் சண்டை போடவும் நாலு பாஷை தெரியும். பட்டம் வாங்கின என் மருமகப்பிள்ளைகூட 'அத்தா' என்ற சொல்லின் பூர்வீகத்தை என்னிடம்தான் கேட்க வேண்டும். எனக்கு அது ஒரு சண்டையில் கிடைத்தது.

என் தகப்பனார் பம்பாய்க்கு வேலைக்குப் போனவர், கடிதம் போடுவதையும் நிறுத்தியிருந்தார். அம்மா மில்லுக்குப் போய்விடுவாள். பகலெல்லாம் நான் கோரிப்பாளையத்தில் என் கூட்டாளி வீட்டில்தான் கிடப்பேன். முன்பக்கம் அவன் தகப்பனார் ராவுத்தரின் தகரப்பெட்டிக் கடை, பின்பக்கம் வீடு. அவன் அவரை அத்தா என்பான். நானும் அத்தா என்பேன்.

ஒருநாள் அலங்காநல்லூரிலிருந்து வந்த தாய்மாமன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு என்னைத் தேடிக் கடைக்கே வந்துவிட்டார். அது தெரியாமல் நான் உள்ளேயிருந்து, "அத்தா, சோறு ஆறுது, வாங்க!" என்று கத்தினேன். என் குரல் அப்போதே வைகைப் பாலம் தாண்டிக் கேட்கும்.

மாமன் கொதித்துவிட்டார். "பெத்தவன் இருக்கையில ஊரான அப்பன்ங்கிறான். இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன். அங்க வந்து மாடு மேய்க்கட்டும்."

வளையல் விற்க வந்திருந்த தெலுங்குக்காரி சிரித்துவிட்டாள். "அப்பனா? எங்க பேச்சுல அத்தான்னா மாமியாரு. இந்தப் பய ராவுத்தருக்குச் சேலையில்ல கட்டிவிட்டுட்டான்!"

ராவுத்தர் சுத்தியலைக் கீழே வைத்தார். "துருக்கியிலருந்து வந்த சொல்லும்பாக எங்க பெரியவுக. ஒங்க கோயில்ல ஓதுவாரு சாமியவே அத்தான்னு பாடுறாரு. நான் என்னத்தக் கண்டேன்? பய கூப்பிடுறான், திரும்பிப் பாக்குறேன். அம்புட்டுதான் மாப்ள."

மாமன் அடங்கவில்லை. என் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தார். அம்மா குறுக்கே வந்தாள்.

"விடுண்ணே. அத்தான்னே கூப்பிடட்டும்."

பிறகு என் பக்கம் குனிந்து, "அப்பான்னு மட்டும் யாரையும் கூப்பிட்டுறாதடா" என்றாள்.

மாமன் கையை விட்டுவிட்டார். அவளைப் பார்க்காமல் சைக்கிள் பூட்டைத் திறக்கப் போனார். எனக்குப் பரம சந்தோஷம். ஊருக்குப் போக வேண்டாம், மாடும் மேய்க்க வேண்டாம். ஒரு சொல்தானே, போகட்டும் என்று சோற்றுக்கு ஓடினேன். பஸ்ஸில் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதைப்போல, அந்த ஒரு சொல்லைப் பம்பாய் போனவருக்காக அம்மா பிடித்து வைத்திருந்தாள் என்பது எனக்கு எங்கே தெரிந்தது?