மிசினுக்கு வைத்த பொட்டு

ராமநாதபுரத்தில் நான் வேலை பார்த்த பட்டறையில் விசைப்படகுகளுக்கு இரும்புக் கிளாம்பு செய்வார்கள். அதில் துளை போடுவது என் வேலை. கிளாம்பை வை, கைப்பிடியை இழு, துளை விழுந்ததும் எடு. ஒன்பது வருஷம் இதேதான். வலது தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போல வலிக்கும். ஆனாலும் என் வேலை, என் சம்பளம். திருப்புல்லாணிப் பக்கம் எங்கள் ஊரில் மழையை நம்பி விதைத்த நிலம் எத்தனை தடவை கைவிரித்திருக்கிறது!

போன வருஷம் முதலாளி கோயம்புத்தூரிலிருந்து, தானாகவே துளை போடும் மிசின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். "இது ஓட ஆரம்பிச்சிருச்சுன்னா துளை போட ஆளே வேணாம்த்தா. ஆயுத பூசை முடியட்டும், உன் கதையப் பேசுவோம்" என்றார். வந்த ஆத்திரத்துக்கு அந்த மிசினை இரண்டு மிதி மிதித்திருப்பேன்.

பூசையன்று எல்லா மிசினுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பது வழக்கம்போல நான்தான். என் கை ராசியான கையாம். புதுசுக்கு நெற்றி எது என்று தேடினேன். முன்பக்கம் வட்டமாகச் சின்னக் கண்ணாடி ஒன்று இருந்தது. வாகாக அதன் மேலேயே அப்பினேன்.

மறுநாள் விஜயதசமி. பொத்தானை அமுக்கினால் சிவப்பு விளக்கு எரிகிறது, மிசின் அசையவில்லை. முதலாளி கம்பெனி இன்ஜினியருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"யாரோ உள்ள கை வச்சிருக்கிறதா நினைச்சு நிக்குது சார். சென்சாரை ஏதாவது மறைக்குதான்னு பாருங்க" என்றார் இன்ஜினியர்.

முதலாளி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஒண்ணுமே மறைக்கலயே!"

பூசைப் பொட்டு போய் யாருக்குக் கோளாறாகத் தெரியும்? அந்தக் கண்ணாடிதான் மிசினுக்குக் கண் என்று எனக்கு மட்டும் சட்டென்று விளங்கிவிட்டது. வாயைத் திறக்கவில்லை. நல்லா வேணும் என்று உள்ளுக்குள் ஒரே குஷி.

"அப்ப வண்டிய அனுப்பித் தூக்கிட்டுப் போங்க!" என்று போனில் கத்திய முதலாளி, என் பக்கம் திரும்பினார். "உன் கையால பொட்டு வச்சும் இப்பிடி ஆகிப்போச்சேத்தா." அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. சே, இதென்ன பிழைப்பு என்று என் மேலேயே வெறுப்பு வந்தது.

முந்தானையால் பொட்டைத் துடைத்தேன்.

"ஏத்தா, பூசைப் பொட்ட அழிக்கிறே!" என்று பதறினார்.

"இப்ப அமுக்குங்க" என்றேன். மிசின் ஓடியது. கிளாம்புகள் துளையோடு ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தன.

"தெரிஞ்சும் ஏன் இம்புட்டு நேரம் சொல்லல?"

"ஓடுனா ஆளே வேணாம்னு சொன்னீக. பின்ன எப்பிடிச் சொல்லுவேன்?" சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

முதலாளி இன்னும் துண்டிக்காமல் இருந்த போனை எடுத்தார்.

"சார், வண்டி வேணாம். மிசின ஓட்ட ஒரு ஆளுக்குச் சொல்லித் தரணும்னீகள்ல, ஆளு இங்கனதான் நிக்குது. இப்ப அழுதுக்கிட்டு இருக்கு. நிறுத்துனதும் பேசச் சொல்றேன்."