வெர்னன் சரிபார்த்த வண்டி

வெர்னன் ஸ்டாச்சுரா எங்கள் பக்கத்து வீட்டுக்காரன். போன்டியாக் நகரத்து லாரித் தொழிற்சாலையில் அவனும் நானும் ஒரே ஷிஃப்ட். நான் கதவு மாட்டுகிறவன். அவன் வரிசையின் கடைசியில் நின்று, வெளியே போகப்போகும் வண்டியைச் சரிபார்க்கிறவன். உள்ளங்கையைத் தகட்டின்மேல் மெதுவாக ஓட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றி வருவான். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் அவன் கைக்குத் தெரிந்துவிடும். மெழுகுப் பென்சிலால் மஞ்சள் வட்டம் ஒன்று போடுவான். வண்டி வந்த வழியே திரும்பிப் போகும். அவனை நாங்கள் திட்டாத நாள் கிடையாது. ஆனால் புது லாரி வாங்க நினைத்த எங்கள் ஆட்கள் எல்லோரும், "வெர்ன், நீ சரின்னு விட்ட வண்டியா ஒண்ணு சொல்லு" என்று அவனிடம்தான் போய் நின்றார்கள்.

பிறகு தொழிற்சாலையை மூடினார்கள். போன்டியாக் என்ற பெயரில் கார் செய்வதையும் அதே சமயத்தில் நிறுத்திவிட்டார்கள். எனக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கியிருந்தது, சமாளித்துக்கொண்டேன். வெர்னனுக்கு அது பிடிபடவே இல்லை. காலையில் பழைய நேரத்துக்கே எழுந்து, காபிக் கோப்பையோடு வீட்டு வாசல் பாதையில் நிற்பான். அவன் மனைவி லோர்னா பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலைக்குக் கிளம்பும்போது, அவள் காரைச் சுற்றிவந்து டயரை உதைத்துப் பார்ப்பான். "ஒண்ணு என்கூட ஏறிக்க வெர்ன், இல்லன்னா என் காரை விடு" என்பாள் அவள். விளையாட்டாகத்தான் சொல்வாள்.

அடுத்து வந்த வசந்தத்தில்தான் லபீர் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டகையிலிருந்து அந்த வண்டியை இழுத்து வந்தான். அறுபத்தேழாம் வருஷத்து போன்டியாக் ஜி.டி.ஓ. கார். எங்கள் ஊரிலேயே பிறந்த வண்டி. பள்ளியில் படிக்கும்போது அதில் ஒன்று தெருவில் போனால் அவன் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்பானாம். வந்து இறங்கியதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சாலை உப்பு கீழ்ப்பகுதி முழுவதையும் தின்றிருந்தது. பின்சீட்டுப் பஞ்சில் எலிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. எஞ்சின் மட்டும் அந்த வண்டியோடு வந்த அதே எஞ்சின், எண் ஒத்துப்போனது. அந்தப் பழைய வண்டிகளைத் தேடி அலைகிறவர்களுக்கு அதற்குமேல் எதுவும் வேண்டாம்.

"பாதி வண்டிதான் இருக்கு. மீதிய எங்க விட்டுட்டு வந்த?" என்றாள் லோர்னா.

"மீதிய நாம செய்யப்போறோம்."

"யாரு நாம?"

"நீ, நான், பிள்ளைங்க ரெண்டு பேரும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை."

பிள்ளைகள் என்றால் டிரெவரும் கென்ட்ராவும். மகன் டிரெவர் பக்கத்து ஊர்ப் பட்டறை ஒன்றில் வெல்டிங் வேலையில் இருந்தான். மகள் கென்ட்ரா பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர். இரண்டு பேரும் வீட்டுக்கு வருவது கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் என்று ஆகியிருந்த காலம் அது. ஆனால் அந்த வருஷக் குளிர்காலம் முழுவதும் ஒரு ஞாயிறு தவறாமல் வந்தார்கள். கார் ஷெட்டில் கேஸ் ஹீட்டர் உறுமும். லோர்னா பெரிய பானை நிறைய பீன்ஸும் மாட்டிறைச்சியும் காரமாகக் கொதிக்க வைத்திருப்பாள். கென்ட்ரா கழற்றிய குரோம் பட்டைகளைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே, "அப்பா, இந்த வண்டிக்கு ஈறு நோய்" என்பாள். டிரெவர் துருப்பிடித்த தகடுகளை அறுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வான். வெர்னன் அவர்கள் நடுவில் நின்று சிரித்ததை நான் பார்த்தேன். தொழிற்சாலையில் அவனோடு இருந்த காலமெல்லாம் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

அடுத்த இலையுதிர்காலத்தில் ஒரு வேலைநாள் மதியம், மறந்துவிட்டுப் போன ஜாக்கெட்டை எடுக்க டிரெவர் வந்தான். நான் வேலிக்கு இந்தப் பக்கம் இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஷெட்டுக்குள் தகடு அறுக்கும் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அப்பா, அது நான் வெச்ச தகடு."

"தெரியும்."

"ஏன் அறுக்குற?"

"ஓரத்துல கொஞ்சம் ஏறியிருக்கு. கைய வெச்சுப் பாரு."

டிரெவர் கை வைத்துப் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் தெரியல."

"அதத்தான் சொல்றேன்."

டிரெவர் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான். தரைத் தகடு, பின்சக்கர வளைவு, கதவுக்குக் கீழ்ப்பட்டை எல்லாவற்றிலும் புது வெல்டிங். ஒன்றுகூட அவன் கைவேலை இல்லை.

"ஞாயித்துக்கிழமை நான் செய்யறது, திங்கக்கிழமை நீ பிரிச்சிடறது. இதான் நடக்குதா இவ்வளவு நாளா? அப்ப நான் எதுக்கு வர்றேன்?"

"கூட இருக்கத்தான்," என்றான் வெர்னன்.

அதை அவன் கேலியாகச் சொல்லவில்லை. மனதில் இருந்ததைச் சொன்னான். அதுதான் டிரெவரை அதிகமாகச் சுட்டிருக்க வேண்டும். "கூட இருக்கணும்னா ஃபுட்பால் மேட்ச் பாத்துக்கிட்டே இருந்திருக்கலாமேப்பா" என்று சொல்லிவிட்டு, ஜாக்கெட்டை எடுக்காமலேயே போனான். அதன்பின் ஞாயிறுகளில் அவன் வரவில்லை. பனிக்காலத்துக்கு முன்பே டெக்சாஸுக்குக் குழாய்ப்பாதை வேலைக்குப் போய்விட்டான். அம்மாவிடம் மட்டும் ஃபோனில் பேசுவான். "இங்க எக்ஸ்ரே எடுத்துப் பாக்குறாங்கம்மா. என் வெல்டிங்க ஒருத்தனும் திருப்பி அனுப்பல" என்று ஒருமுறை சொன்னானாம்.

லோர்னா சீட்டுகளுக்கு உறை தைத்தாள். கென்ட்ராவின் பள்ளி நடன விருந்துக்கு அவளே கவுன் தைத்தவள்தான். ஆனால் கறுப்பு ரெக்சின் வேறு விஷயம். ஊசி உடையும், விரல் கிழியும். கோடைகாலம் முழுக்கச் சாப்பாட்டு மேஜையில் தையல் மெஷினை வைத்துக்கொண்டு தைத்தாள். எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து என் மனைவி மார்ஜிடம் காட்டினாள். எனக்கு அது கடையில் வாங்கியதுபோலத்தான் இருந்தது.

ஒருநாள் லோர்னா குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துப்போகும்போது மூடி சரியாக மூடவில்லை. திறந்து பார்த்தாள். உள்ளே அவள் தைத்த உறைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. வெர்னன் கசக்கிப் போடவில்லை, ஒழுங்காக மடித்திருந்தான். சீட்டுகளைக் கடையில் கொடுத்துப் புது உறை போட்டிருக்கிறான்.

"தையல் கோடு ரெண்டு எடத்துல நேரா வரல, லோர்னா. உன்ன நோகடிக்க வேணாம்னுதான் சொல்லல" என்றானாம்.

அவள் சத்தம் போடவில்லை. ஷெட்டுக்குள் போவதை விட்டுவிட்டாள். மார்ஜிடம் ஒரு தடவை சொன்னாள்: "அவன் கெட்டவனா இருந்தா எனக்கு சுலபம், மார்ஜ். விட்டுட்டுப் போயிருப்பேன்."

கென்ட்ரா இன்னும் கொஞ்ச நாள் வந்தாள். பிறகு அவளுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலைகள் வந்தன.

வெர்னனின் வலது கை நடுங்கத் தொடங்கியதை முதலில் கவனித்தது நான்தான் என்று நினைக்கிறேன். காபிக் கோப்பையை நீட்டும்போது தளும்பியது. உடனே கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். பார்கின்சன் நோய் என்று டாக்டர் சொன்னார். மாத்திரை கொடுத்தார். எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் வேலைதான் அப்போது பாக்கி. நான் வேலியோரம் நின்று கேட்டேன்: "வெர்ன், கூட ஒரு கை பிடிக்கட்டுமா?"

"உனக்குக் கதவுதான் தெரியும்" என்றான்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவன் தனியாகத்தான் உள்ளே இருந்தான். ஏதாவது கீழே விழும் சத்தமும், அதைத் தொடர்ந்து அவன் தன்னையே திட்டிக்கொள்ளும் சத்தமும் கேட்கும்.

மே மாதம் எஞ்சின் தயார் என்றான். கென்ட்ரா அண்ணனை ஃபோனில் கெஞ்சி வரவழைத்தாள். "அவர் கையைப் பாத்தா நீ பழசெல்லாம் மறந்துடுவ. வந்து ஒரு நாள் நில்லு, போதும்" என்றாளாம். டிரெவர் வந்தான். அப்பாவும் மகனும் கைகுலுக்கிக்கொண்டார்கள். வெர்னனின் கை டிரெவரின் கைக்குள் நடுங்கிக்கொண்டே இருந்தது. டிரெவர் அதை உடனே விடவில்லை.

வண்டி அழகாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். கரும்பச்சை நிறம். எங்கே தொட்டாலும் கண்ணாடிபோல வழவழப்பு.

"அப்பா, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி எஞ்சினுக்கு அடியில இருக்கற ஆயில் தட்டைக் கழட்டி உள்ள ஒரு தடவ பாத்துடறேனே. அரை நாள் வேலைதான்."

"எதுக்கு?"

"சும்மா. ரெண்டு பேர் பாத்தா நல்லதுதானே."

"நான் பாத்ததை இன்னொருத்தன் மறுபடி பாத்ததே கிடையாது" என்றான் வெர்னன். டிரெவர் கென்ட்ராவைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அவன் ஒதுங்கி வழிவிட்டான்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் இருமி, பிறகு பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் வந்து மோதியது. கென்ட்ரா கைதட்டினாள். சமையலறைக் கதவு திறந்து லோர்னா வந்து ஷெட் வாசலில் நின்றாள். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் புதிது என்பதால், அது பழகும்வரை எஞ்சினை அடக்காமல், நிறுத்தாமல், கொஞ்ச நேரம் வேகமாக ஓடவிட வேண்டும். வெர்னன் சீட்டில் உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டிருந்தான். அவன் முகம் ஈரமாக இருந்தது.

டிரெவர் ஜன்னல் வழியே குனிந்து பார்த்தான். "ஆயில் பிரஷர் முள்ளு இறங்குதுப்பா."

"பழைய முள்ளு. அப்படித்தான் காட்டும்."

"தட்டுற சத்தம் கேக்குது. நிறுத்து."

"இப்ப நிறுத்தினா கேம் போயிடும்!"

"நிறுத்துப்பா!" டிரெவர் சாவிக்குக் கை நீட்டினான். வெர்னன் முழங்கையால் அவனைத் தள்ளினான். தட்டல் பெரிதானது. பிறகு ஏதோ வெடித்ததுபோல ஒரு சத்தம், எஞ்சின் நின்றுவிட்டது. அடியில் கறுப்பு எண்ணெய் சிமென்ட் தரையில் பரவி, லோர்னாவின் செருப்புவரை வந்தது. எஞ்சினின் பக்கச் சுவரைப் பிய்த்துக்கொண்டு இரும்புத் தண்டு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒட்டவைக்கிற உடைசல் இல்லை அது.

மறுநாள் டிரெவரும் நானும் ஆயில் தட்டைக் கழற்றினோம். எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாயில் நீலத் துடைப்புத் துணி ஒன்று சுற்றிக் கிடந்தது. தூசி விழாமல் இருக்க எப்போதோ செருகி வைத்தது, எண்ணெய் மேலே ஏறவிடாமல் அடைத்துவிட்டது. டிரெவர் அதை எடுத்து அப்பாவிடம் கொடுத்தான்.

வெர்னன் பார்த்தான். "இத யாரு வெச்சது?" என்றான். எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான்.

கடைசியில் டிரெவர்தான் சொன்னான்: "வேற யாரும் தொடலப்பா. நீ தொடவிடல."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அப்பாவின் தோளைப் பிடிக்கப் போனான். வெர்னன் விலகி, துணியைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டான். அன்று மாலை டிரெவர் கிளம்பும்போதும் எழுந்து வரவில்லை. தூங்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு அவன் ஷெட்டைத் திறக்கவில்லை. ஆகஸ்டில் பழைய வண்டிகளெல்லாம் உட்வர்ட் சாலையில் ஊர்வலமாகப் போகும் வாரம், எங்கள் தெருவரை சத்தம் கேட்கும். ஜன்னலைச் சாத்தச் சொல்வான். நோய் காலுக்கு இறங்கியது, பிறகு பேச்சுக்கு. ஓஹையோவிலிருந்து வந்த ஒருவன் வண்டியை வாங்கி, வேறு எஞ்சின் போட்டுக்கொள்வதாகச் சொல்லி டிரெய்லரில் ஏற்றிப்போனான். லோர்னா வெர்னனின் சக்கர நாற்காலியை வாசலுக்குத் தள்ளிவந்து, "பாக்குறியா?" என்று கேட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

டிரெவர் கிறிஸ்துமஸுக்கு ஃபோன் செய்வான். லோர்னா ஃபோனை வெர்னன் காதில் வைப்பாள். அந்தப் பக்கம் மகன் வானிலை சொல்வான், வேலை பற்றிச் சொல்வான். வெர்னனுக்கு வாய் அசையும், சொல் வராது. "வெர்னுக்கு என்ன சொல்லணும்னு இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றாள் லோர்னா என்னிடம். "நானே சொல்லிடலாம். ஆனா நான் சொன்னா அது நான் சொன்னதாத்தானே இருக்கும்?"

இப்போது அவள் தன் காரைக் காலியான ஷெட்டுக்குள் நிறுத்துகிறாள். போன வாரம் பனி கொட்டிய காலையில், நான் என் கார்க் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது அவள் பனி படாத காரில் வெளியே வந்தாள். ஜன்னலை இறக்கி, "பனி சுரண்டற வேலை எனக்கு இல்லாம போச்சு, பாத்தியா" என்றாள். நான் தலையாட்டினேன். ஜன்னலை ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள்.