பாஷாண டப்பாவை அலசிய தண்ணீர்

எலிப்பாஷாணத்தை வீட்டை விட்டு ஒழித்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான். என் புருஷனுக்கு அதில் இஷ்டமே இல்லை. எங்கள் தீவில் மாயெபூர் என்ற ஊருக்கு மேற்கே, கல்லைப் பொறுக்கிப் பொறுக்கிக் குவித்து உண்டாக்கிய துண்டு நிலத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு இருந்தது. கரும்பு முற்றும்போது எலிகள் அடித்தண்டைக் கடித்துத் துப்பிவிட்டுப் போகும். அதற்காகச் சீனாக்காரர் கடையில் வாங்கிய வெள்ளைப் பொடி அது. மாவில் பிசைந்து உருண்டை பிடித்து வைப்பார். மீதிப் பொடி மூடி போட்ட தகர டப்பாவில் அடுப்படிப் பரண்மேல் இருந்தது. ரெண்டு வருஷமாக அது இருந்த இடமே தெரியவில்லை. பிள்ளை வந்த பிறகுதான் அது என் கண்ணை உறுத்தியது.

பிள்ளை என் தம்பியினுடையது. தம்பி தீவின் வடக்கே குட்லண்ட்ஸ் பக்கம் ஒரு கரும்பு எஸ்டேட்டில் கூலி. பிரசவம் ஆன பத்தாம் நாள் அவன் பெண்டாட்டி ஜுரத்தில் போய்விட்டாள். பிள்ளையைத் துணியில் சுற்றி ரயிலேறி வந்து என் மடியில் போட்டான். "அக்கா, உன் வீட்டுல கறவை மாடு இருக்கு. இது பொழைச்சா உன்கிட்டதான் பொழைக்கும்" என்றான். எனக்குப் பிள்ளை கிடையாது. வருஷம் தவறாமல் காவடி எடுத்தும் கிடையாது. அள்ளி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன்.

எங்கள் செவலைப் பசுவின் பாலைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சிச் சங்கில் புகட்டினேன். தோலும் எலும்புமாக வந்தவனுக்குத் தொடையில் மடிப்பு விழுந்தது. அத்தை அத்தை என்று நானே அவனுக்கு என்னைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு திரிந்தேன், பைத்தியம் மாதிரி. எட்டாம் மாதம் தவழ்ந்தான். தவழ்ந்தானா, கையில் அகப்பட்டதெல்லாம் வாய்க்குள்! கரி, சாணி, செருப்பு வார் எதுவும் பாக்கியில்லை.

"அந்தச் சனியனைக் கொண்டுபோய்த் தொலைச்சிட்டு வாங்க" என்றேன்.

"எங்கே தொலைக்கச் சொல்றே?" என்றார் அவர்.

நியாயமான கேள்விதான். ஆற்றில் போட்டால் கீழே பெண்கள் துவைக்கிறார்கள், குளிக்கிறார்கள். எரித்தால் புகை யார் மூக்கில் ஏறுமோ. வேறு யாருக்காவது கொடுக்கலாம் என்றால் அவர்கள் வீட்டில் பிள்ளை இல்லையா? கடைசியில் கரும்புக்கு நடுவே இருந்த கற்குவியலில் ஒரு பக்கத்தைப் பிரித்தார். மூக்கில் துணி கட்டிக்கொண்டு இடுப்பளவு குழி தோண்டிப் பொடியைக் கொட்டினார். மண்ணைத் தள்ளி, மேலே பெரிய பாறைகளைப் புரட்டி வைத்தார். அவர் செய்ததில் ஒரு குற்றம் சொல்ல முடியாது.

டப்பாவையும் சேர்த்துப் புதைக்கப் போனவரைத் தடுத்தவள் நான், பாவி. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் தகரத்தை யாரும் எறிய மாட்டோம். கூரை ஓட்டையை அடைக்கக்கூட ஆகும். இதுவோ துருவில்லாத டப்பா, இறுக்கமான மூடி. "விதை போட்டு வைக்கலாங்க, நல்லாக் கழுவிடறேன்" என்றேன். அடியில் ஈரம் பட்டு ஒரு பிடிப் பொடி பாறையாக இறுகியிருந்ததை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். குச்சியால் குத்தினால் கரைந்துவிடும், இதென்ன பிரமாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஜனங்கள் வீட்டில் எந்தப் பாத்திரத்தையும் முதலில் அரிசி களைந்த கழுநீரில்தான் அலசுவோம். அந்தத் தண்ணீர் தரையில் போகக்கூடாது, மாட்டுத் தொட்டிக்குப் போக வேண்டும். சாம்பல், புளி எல்லாம் அதற்கப்புறம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து செய்த வேலை, யோசித்துச் செய்வதில்லை. மறுநாள் காலை டப்பாவில் கழுநீரை ஊற்றிக் குச்சியால் குத்திக் குத்திக் குலுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே பிள்ளை வீறிட்டான். என்னமோ ஏதோ என்று பதறி எழுந்தேன். எழும்போதே கை டப்பாவைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டிருக்கிறது. பிள்ளை பலகையில் தலையை முட்டிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். சமாதானப்படுத்திவிட்டு வந்து டப்பாவைச் சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்தேன். அந்தத் தண்ணீரை மட்டும் பெரிய புத்திசாலி மாதிரி தனியாகக் குழி வெட்டி ஊற்றி மூடினேன்!

உச்சிப் பொழுதுக்கு மாட்டின் வாயில் எச்சில் ஒழுகியது. பின்னங்கால் நடுங்கியது. சாணி ரத்தமும் தண்ணியுமாகப் போனது.

"என்னத்தடி தின்னுச்சு?" என்று ஓடி வந்தார்.

நான் தொட்டியைப் பார்த்தேன். நக்கித் துடைத்து வைத்திருந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கரியை இடித்துத் தேங்காயெண்ணெயில் குழைத்து மூங்கில் குழாயால் புகட்டினோம். மறுநாள் வெயில் ஏறுமுன் மாடு செத்தது. தோல் கேட்டு வந்தவர்களை அவர் விரட்டியடித்தார். செத்த மாட்டுத் தோலைக்கூடத் தர மனசில்லாத கஞ்சன் என்று ஊர் பேசியது, பேசட்டும் என்று விட்டார். ஆளுயரக் குழியைத் தனி ஆளாக வெட்டி முழு மாட்டையும் புதைத்தார். டப்பாவைக் கல்லால் நசுக்கி அதே குழியில் போட்டார்.

பிள்ளைக்கு என்ன கொடுப்பது? பக்கத்து வீட்டில் சில நாள் ஒரு தம்ளர் பால் கொடுத்தார்கள். அவர்கள் மாடும் வற்றிவிட்டது. சீனாக்காரர் கடை டின் பால் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, குடித்ததெல்லாம் கக்கினான். மழைக்காலம் வேறு. வயிறு நிற்காமல் போனது. கஞ்சி, கூவைமாவு, யார் யார் என்ன சொன்னார்களோ எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் அவன் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "சுத்தமான பசும்பால் கொடு" என்று சொல்லி அனுப்பினார். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். தொடை மடிப்பு போயிற்று. அழவும் தெம்பில்லாமல் போயிற்று. தைப்பூசத்துக்கு முன்னால் அவனும் போய்விட்டான்.

தம்பிக்கு ஆள் அனுப்பினோம். அவன் வருவதற்குள், "நான் உள்ளதைச் சொல்லிடப் போறேங்க" என்றேன் என் புருஷனிடம்.

"சொல்லி? அவனுக்கு இனி இருக்கறது நீ ஒருத்திதான். அதையும் பறிச்சிக்கப் போறியா?" என்றார். மாடு நோயில் செத்தது என்று அவரே அவனிடம் சொன்னார்.

புதைத்துவிட்டு வந்து தம்பி என் காலடியில் உட்கார்ந்தான். என் ரெண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டான். "அக்கா, பெத்தவளுக்குப் பத்து நாள்தான் குடுத்து வச்சுது. நீ பத்து மாசம் அவனை உசுரோட வச்சிருந்தே. இந்தக் கடனை நான் எப்பிடித் தீர்ப்பேன்?" என்று தேம்பினான். உள்ளதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கடைசியில் அவன் தலையைத்தான் தடவிக்கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவன் சாகும்வரை வருஷா வருஷம் பொங்கலுக்கு எனக்கு ஒரு சேலை வாங்கி வந்தான். கூலிக்காரன், எப்படி வாங்கினானோ. நான் ஒரு வருஷம்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் பார்க்கக் கட்டிக்கொண்டு, அவனுக்குச் சோறு போட்டேன்.