அப்பாவைப் படுக்க வைத்தவர்களுக்கு

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கு வணக்கம். எல்லாரையும் புகழ்ந்து எழுதச் சொன்னார்கள். அந்தப் பொய் எனக்கு வராது.

அப்பா குன்னம் பக்கம் நிலமில்லாத வீட்டில் பிறந்தவர். பாடாலூரில் லாரிக்கு வெங்காய மூட்டை ஏற்றியே என்னை ஆசிரியை ஆக்கினார். ஒருவரிடமும் கையேந்தாதவர். நடுக்குவாதம் வந்து, கால் தரையோடு ஒட்டியது போல நின்றுவிடும் நாளிலும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கக்கூசுக்கு மட்டும் நானா போயிட்டு வரணும்மா."

பெரம்பலூரில் உடற்பயிற்சி சிகிச்சை கொடுத்த பெண் அதற்கு வழி சொன்னார். தினமும் தரையில் சுண்ணாம்புக்கோடு போட்டு, அதைத் தாண்டித் தாண்டி நடை. கூடவே முட்டை, சுண்டல், பருப்பு. "சாப்பாடு இல்லாம பயிற்சி பண்ணா இருக்கிற சதையும் கரைஞ்சிரும். முட்டையோட சேர்ந்தா மாத்திரை சரியா வேலை செய்யாது, நடுவுல நேரம் விடுங்க, ஆனா முட்டையவே விட்டுராதீங்க" என்றார். மூன்று மாதத்தில் அப்பா தானாக எழுந்து போனார். "யாரும் வராதீங்க" என்று அதட்டல் வேறு!

பிறகு அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, வந்தார். நான் அரியலூரில் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமெல்லாம் வீடு அவர் கையில். அண்ணன் குணமாக ஒரு மண்டலம் விரதம் என்று நேர்ந்துகொண்டார். நேர்ந்தது அவர், வயிறு காய்ந்தது அப்பாவுக்கு. முட்டை கவிச்சியாம், சுண்டல் வாயுவாம். வெறும் கஞ்சி. நடையையும் நிறுத்திவிட்டு, "நடுங்கற மனுஷன இப்படி வதைக்கிறியே, பெத்த பொண்ணா நீ?" என்று என்னையே கேட்டார். பார்க்க வந்த நீங்களும் பிஸ்கட்டை நீட்டி, "படுங்க, படுங்க" என்றீர்கள். நானும் சண்டை போட்டு ஓய்ந்துபோனேன். அது என் தப்பு.

மண்டலம் முடிவதற்குள் தொடை சூம்பிவிட்டது. எழப் பார்த்து விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. அப்புறம் படுக்கைதான். நான் துணி மாற்றும்போதெல்லாம் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கருமாதியன்று படையல் இலையில் ஆறு முட்டை வைத்தீர்களே, வெட்கமாக இல்லையா?

கடைசிவரை வீடு தேடி வந்து, படுத்திருந்தவரின் கைகாலை அசைத்துவிட்ட அந்தப் பெண்ணுக்கு என் நன்றி. வேறு யாருக்கும் இல்லை.

சித்தப்பா, போன மாதம் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நடுங்கிய வலது கையைத் துண்டுக்குள் மறைத்தீர்கள். நான் பார்த்துவிட்டேன். நாளைக் காலையில் வருகிறேன், முதலில் டாக்டரிடம் போவோம். எனக்குக் கோபம் கொஞ்சமும் தீரவில்லை. ஆனாலும் உங்களைப் படுக்க விடமாட்டேன்.