ஆங்கிலத்தில் மல்லுக்கட்டக் கற்றுத்தந்த அக்கா

இன்டர்வியூவில் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று ஆங்கிலத்தில் கேட்டதும், மனப்பாடம் செய்துபோன பத்தி பாதியிலேயே நின்றுபோன அனுபவம் உங்களுக்கு உண்டா? உண்டென்றால் நீங்கள் என் அக்காவிடம் படிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இதை எழுத உட்கார்ந்ததும், ‘அன்பே உருவானவர் என்று ஆரம்பிடா’ என்றார் அப்பா. மன்னிக்கவும் அப்பா. அக்கா வாயாடி. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது.

காரைக்காலை அடுத்த குரும்பகரத்தில் பிறந்து, பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழ்வழியில் முடித்தவர். கல்லூரி முதலாண்டில் யாராவது ஆங்கிலத்தில் பேசினால் சிரித்தே சமாளிப்பாராம். ஊரையே பேசி மடக்குகிறவருக்கு அது பெரிய அவமானம். எம்.ஏ. ஆங்கிலம் முடித்து, காரைக்காலிலேயே ஒரு கல்லூரியில் ஆசிரியரானதும், மாலை வகுப்பு ஒன்றைத் தானே கேட்டு வாங்கினார். இலக்கணம் தெரிந்தும், மார்க் வாங்கியும், நாலு பேர் நடுவில் வாய் திறக்காத இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கான வகுப்பு அது.

ஒருநாள் நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். குழு விவாதத்தில் குறுக்கே புகுந்து பேசுவது எப்படி என்பது அன்றைய பாடம். வரிச்சிக்குடியிலிருந்து வரும் கௌசல்யா எழுந்தாள்.

“மிஸ், குறுக்க பேசுனா மரியாதை இல்லேன்னு நெனைக்க மாட்டாங்களா?”

“காலையில பஸ்ஸுல ஜன்னல் சீட்டு புடிச்சியாமே, அந்தம்மாகிட்ட என்ன சொன்ன?”

“‘அக்கா, அடுத்த ஸ்டாப்புல எறங்கப்போறீங்க, கொஞ்சம் நவுந்துக்குங்களேன்’னேன். ‘ஒனக்கெப்படித் தெரியும்’னாங்க. ‘அதான் பைய மடியில எடுத்து வெச்சிட்டீங்களே’ன்னேன். சிரிச்சிட்டு நவுந்துட்டாங்க மிஸ்.”

“இதாண்டி அட்வான்ஸ்டு! இப்ப ஒன் எடத்துல நான் ஒக்காரப்போறேன். இங்கிலீஷ்ல பேசி எழுப்பு பாப்போம்.”

உட்கார்ந்துவிட்டார். கௌசல்யா ‘ப்ளீஸ்’ என்றாள். எழவில்லை. மறுபடியும் ப்ளீஸ். அக்கா கொட்டாவி விட்டார். வகுப்பே அவளுக்கு எடுத்துக்கொடுக்க ஆரம்பித்தது. கெஞ்சல், கிண்டல், பொய், மிரட்டல், எல்லாம் ஆங்கிலத்தில். கடைசியில், ‘மேடம், உங்கள் பின்னால் துறைத்தலைவர் நிற்கிறார்’ என்று கௌசல்யா தடுமாறாமல் சொல்ல, அக்கா துள்ளி எழுந்தார். துறைத்தலைவர் உண்மையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“என்னம்மா இது, மீன் மார்க்கெட்டா?”

“அங்கதான் சார் நல்லா பேசுறாங்க.”

அவர் சிரிக்கவில்லை. வரப்போகும் கேம்பஸ் வேலைத் தேர்வில், குழு விவாதத்தை இந்த வகுப்பிலிருந்து ஒருவராவது தாண்டவேண்டும், இல்லாவிட்டால் வகுப்பை மூடிவிடுவேன் என்றார். அக்காவுக்கு அப்போதே சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது.

“ஒடம்பப் பாருக்கா. அந்தக் கிளாஸ விட்டுத்தொல.”

“சும்மா இர்றா. இப்ப மூடுனா இந்தப் புள்ளைங்க வாய் அப்பறம் தொறக்கவே தொறக்காது.”

தேர்வு நாளன்று அக்கா மருத்துவமனையில். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது நல்லதா என்பது தலைப்பு. ஆளாளுக்கு ஒரு பத்தியை ஒப்பித்துவிட்டு ஓய்ந்தார்கள். கௌசல்யா, ‘நீங்கள் சொன்னதில் பாதி சரி, மீதிக்கு வருகிறேன்’ என்று குறுக்கே புகுந்தாள். தேர்வாளரே நடுவில் ஒரு கருத்துச் சொல்ல, சிரித்த முகத்தோடு அதையும் மறுத்தாள். அவர் விடவில்லை. இவளும் விடவில்லை. வேலையை வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தாள்.

அக்காவின் கட்டிலருகே இருந்த நான், அவள் அழைத்ததும் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

“மிஸ்... கெடச்சிருச்சு மிஸ்...” அதற்கு மேல் அழுகை.

“அழுவாத. இங்கிலீஷ்ல பீத்திக்க, கேக்குறேன்.”

பீத்திக்கொண்டாள். வார்டே கேட்டது. அக்கா நடுவில் புகுந்து புகுந்து வம்பிழுத்தார். அவள் ஒவ்வொன்றுக்கும் திருப்பிக் கொடுத்தாள். பதில் வராமல் அக்கா சிரித்துவிட்டார். அக்காவை ஒருவர் பேசி ஜெயித்ததை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். அக்காவின் முகத்தில் அப்படியொரு பெருமை.

அந்த மாதமே அக்கா இறைவனில் இளைப்பாறினார்.

டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்களுக்கும், வேளை பார்க்காமல் அக்காவை மருத்துவமனைக்குப் பைக்கில் கூட்டிப்போன கோவில்பத்து நண்பர்களுக்கும், இரத்தம் கொடுத்த மாணவர்களுக்கும், அடக்கத்திலும் இன்றைய நினைவுத் திருப்பலியிலும் உடன்நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. துறைத்தலைவர் ஐயாவுக்குத் தனி நன்றி. வகுப்பை இப்போது அவரே எடுக்கிறார்.

இன்று வியாழக்கிழமை. மாலையில் வகுப்பு இருக்கிறது.