போன் சொல்லித் தந்த இங்கிலீஷ்

சகாயமேரி தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லய வீட்டில் பிறந்து, புத்தகத்தைப் பார்த்தே இங்கிலீஷ் படித்து, இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சரானவள். எழுத்தில் பிழை வராது. பேச வாய் திறந்தால்தான் திக்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

"யூடியூப்ல பேசுற மாதிரி நீங்க பேச மாட்டேங்குறீங்களே டீச்சர்?" என்று தனுஜா ஒருநாள் கேட்டேவிட்டாள். கெட்டிக்காரப் பிள்ளை; கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் சகாயமேரிக்கு அதிகம் வலித்தது.

அதன்பிறகு தன் போனில் ஒரு வெள்ளைக்காரியின் பாடத்தைப் போட்டு மேசைமேல் வைத்தாள். பிள்ளைகள் கேட்டுத் திருப்பிச் சொன்னார்கள். சிரிப்பு நின்றது. பள்ளிக்கூட அதிபரும் பாராட்டினார். கரும்பலகையில் எழுதுவது மட்டும் அவள் வேலையானது.

விடாத மழையில் ஒருநாள் தோட்டம் முழுக்கக் கரண்ட் இல்லை. போனும் செத்துவிட்டது. சகாயமேரி புத்தகத்தை எடுத்துத் தானே உரக்க வாசித்தாள்.

"ம், சொல்லுங்க."

பிள்ளைகள் மேசைமேல் கிடந்த போனைப் பார்த்தார்கள்.

"பிழையாப் பழகிட்டா பொறகு மாத்த ஏலாது டீச்சர். கரண்ட் வந்ததும் சார்ஜ் போட்டுட்டு வாங்க, படிப்போம்" என்றாள் தனுஜா, மரியாதையாகவே.

சகாயமேரிக்குக் கோபம் வரவில்லை. அவள் வாசித்தது அவள் காதுக்கே பிழையாகத்தான் கேட்டிருந்தது.

"சரி, புத்தகத்தப் பாத்து எழுதுங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.