ஆடியில் காப்பர் இறங்கும்

காப்பர் விலை எதனால் ஏறுகிறது என்று என் கடைக்கு வருகிறவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நான் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டுகிறவள். விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடை. தொழிலைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். விலை விவரத்தைக் கேட்டுக் கேட்டு. தங்கம் ஏறினால் காப்பரும் கூடவே ஏறும் என்பார் டீக்கடைக்காரர். எவனோ ஒருத்தன் மொத்தமாக வாங்கி குடோனில் பூட்டி வைத்திருக்கிறான் என்பார் பக்கத்துப் பீங்கான் பொம்மைப் பட்டறை அக்கா. கேட்க எல்லாமே நன்றாக இருக்கும். நானும் தலையாட்டுவேன்.

அப்படித் தலையாட்டித்தான் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன்.

எங்கள் ஜில்லாவிலேயே இருக்கிற மங்களூர் பக்கத்து விவசாயி ஒருவர், கிணற்று மோட்டார் புகைந்துபோய் மினி வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு ஏக்கர் மல்லாட்டை; நிலக்கடலை காய் பிடிக்கிற நேரம். தண்ணீர் நின்றால் அத்தனையும் பருப்பில்லாத பொக்கு. காயில் கட்ட விலை சொன்னேன். போன தடவையைவிடக் கூடத்தான் இருந்தது. மனிதர் கோபப்படவில்லை, யோசனை சொன்னார்.

"ஆடி பொறக்க நாலு நாளுதான இருக்குது தங்கச்சி. பொறந்துட்டா கல்யாணம் இல்ல, சீரு இல்ல. செப்புக் கொடம் எவன் வாங்குவான்? வெல தானா எறங்கும் பாரு."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆடி வந்தால் ஜவுளிக்கடையே இறங்கி வருகிறது, காப்பர் எம்மாத்திரம்? சரிங்கண்ணே, பொறுத்தே பார்ப்போம் என்று நானே சொன்னேன். மண்ணில் ஈரம் நாலு நாள் தாங்கும் என்று, மோட்டாரைக் கடையிலேயே போட்டுவிட்டுப் போனார்.

ஆடி பிறந்தது. கம்பி வாங்குகிற மொத்தக் கடைக்கு போன் போட்டேன். விலை இன்னும் ஏறியிருந்தது. ஆடியிலுமா என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு பொறுமையாக விளக்கினார். விலை பேசுவது லண்டன் சந்தையாம். கடல் தாண்டி எங்கோ சுரங்கத்து ஆட்கள் வேலைக்கு இறங்காமல் உட்கார்ந்தால் ஏறுமாம். சீனாவில் கட்டட வேலை மந்தமானால் இறங்குமாம். டாலர் ஏறினால், லண்டனில் அசையாவிட்டாலும் நமக்கு ஏறுமாம். போதாததற்கு பேட்டரி கார், ஏசி, கரண்ட் லைன் என்று எல்லாமே காப்பரைத் தின்கிறதாம்.

"நம்ம ஜில்லா கல்யாணத்தயெல்லாம் நிறுத்திப் போட்டாலும் லண்டன்காரனுக்குத் தெரியாதும்மா," என்றார்.

மறுநாள் காலை விவசாயி வந்தபோது கையில் ஒரு மல்லாட்டைச் செடி இருந்தது. இலை மடங்கித் தொங்கியது. லண்டன், சீனா, டாலர் என்று கேட்ட கதையெல்லாம் ஒப்பித்தேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும். காயறது எங்கொல்லைப் பயிருதானே தங்கச்சி. இன்னைக்கே கட்டிக் குடு."

மோட்டாரைப் பிரித்து, கருகின கம்பியை உருவித் தராசில் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. பழைய காப்பரை எடுத்துக்கொண்டு, அதன் விலையைக் கூலியில் கழித்துக்கொடுப்பது எங்கள் தொழிலில் வழக்கம். புதுசு ஏறினால் பழசும் ஏறும். ஏற்றத்தில் பெரும்பகுதி அங்கேயே கழிந்துபோகிறது. எப்போதும் கடைசியில் நிறுத்துப் பார்த்தே பழகியதால், முதல் நாள் அது என் வாயில் வரவே இல்லை. விலை இறங்கியிருந்தால் பழசும் கூடவே இறங்கியிருக்கும்; அவருக்குப் பெரிதாக மிஞ்சியிருக்காது. கொஞ்ச ரூபாய்க்காக ஐந்து நாள் தண்ணீரை நிறுத்தி வைத்திருக்கிறோம், அவரும் நானும் சேர்ந்து.

சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் கட்டினேன். கம்பிக்குப் பூசின வார்னிஷ் காய்வதற்கு, எங்கள் தெரு வழக்கப்படி, பட்டறையில் ஆறிக்கொண்டிருந்த சூளைச் சுவரோரம் வைத்தோம். பொம்மைகளைத் தள்ளி வைத்து அக்கா இடம் கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் வேன் கிளம்பிவிட்டது.

மூன்று நாள் அவரிடமிருந்து பேச்சே இல்லை. எனக்கும் போன் போட தைரியம் வரவில்லை. நாலாம் நாள் அவரே கூப்பிட்டார். கொல்லை நிமிர்ந்துவிட்டதாம், மேட்டுப் பக்கம் நாலு பாத்தி மட்டும் எழுந்திருக்கவில்லையாம்.

"நட்டத்துல ரெண்டு எம் பேருல, ரெண்டு உம் பேருல எழுதிக்கலாமா?" என்றார்.

"மூணு எம் பேருல எழுதுங்கண்ணே. பழைய கம்பிக் கணக்கு தெரிஞ்சவ நாந்தானே," என்றேன்.